கைலாசகோனாவில் கொட்டிய தயிர்

மழை விட்ட மறுநாள், அதுவும் வார நாளில் போனால் அருவியில் ஈ காக்கா இருக்காது என்று யாரோ சொன்னதை நம்பி, டிசம்பரில் ஒரு புதன்கிழமை விடியற்காலை 4 மணிக்குச் சென்னை கொளத்தூரிலிருந்து பைக்கை எடுத்தேன். செங்குன்றம், ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் இடது பக்கம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை. அங்கேதான் சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரும் கிருஷ்ணா நீர் கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரைத் தாண்டிப் போய் இன்னொரு தண்ணீரைப் படம் பிடிக்கப் போகிறோம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அப்புறம் ஆந்திரா. நாகலாபுரம், பிச்சாட்டூர் தாண்டிக் கைலாசகோனா அருவி. வீட்டிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்.

போய்ப் பார்த்தால் ஐயப்ப சாமிகள். மாலை போட்ட ஒரு வேன் கூட்டமே கறுப்பு வேட்டியோடு அருவிக்கடியில் நின்று சரணம் போட்டுக்கொண்டிருந்தது. டிசம்பர் என்றால் இது தெரிய வேண்டாமா? சரி, குளித்துவிட்டுப் போகட்டும் என்று கேமரா முக்காலியை விரித்து வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். காத்திருந்த நேரத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது: மேகம் இறங்கிப் பாறை முழுக்க ஒரே சீரான சாம்பல் வெளிச்சம். வெயில் இருந்தால் தண்ணீர் வெளுத்துப்போய், பாறை கருகிப்போய், நடுவில் ஒன்றுமே மிஞ்சாது. மூட் படம் வேண்டுமென்றால் வானம் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லென்ஸில் போலரைசர் ஃபில்டரைப் போட்டுத் திருகினேன். ஈரப் பாறையின் பளபளப்பு அப்படியே அடங்கி, அடியில் இருந்த பாசி பச்சையாக எழுந்து வந்தது. எனக்கு இந்த ஒரு நொடிக்காகவே அருவிக்குப் போகலாம். அதன் மேல், ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய 6 ஸ்டாப் என்டி ஃபில்டர், வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி. வெளிச்சத்தில் 64இல் ஒரு பங்குதான் உள்ளே போகும். கேமரா 1/15 வினாடி என்று காட்டிய இடத்தில் ஷட்டரை 4 வினாடி திறந்து வைக்கலாம், ஓடுகிற தண்ணீர் வழவழவென்று இழைந்துவிடும். சாமிகள் போன பிறகு இப்படி இருபது, முப்பது எடுத்தேன். லென்ஸில் சாரல் அடிக்க அடிக்கத் துடைத்து, கடைசியில் துடைக்கிற துணியே நனைந்துபோய், பனியனில் துடைத்தேன். செய்யக் கூடாதுதான்.

வீட்டுக்கு வந்து ஓரங்களை இருட்டாக்கி, பச்சையைக் குறைத்து, நிழலில் கொஞ்சம் நீலம் ஏற்றி, நானே அசந்துபோய், 8க்கு 12 அங்குல அளவில் நான்கு பிரிண்ட் போட்டேன். திருவல்லிக்கேணியில் கல்யாண ஆல்பம் போடுகிற ஓர் அண்ணன் இருக்கிறார். படம் பார்க்கச் சொன்னால் முகத்துக்காகப் பேச மாட்டார். டீக்கடை பெஞ்சில் பரப்பினேன்.

"என்ன தம்பி, தயிரைக் கொட்டி வச்சிருக்க?"

4 வினாடியில் தண்ணீரின் நரம்பெல்லாம் கரைந்துவிட்டது என்றார். பாறையில் பட்டுத் தெறிப்பது, இரண்டாகப் பிரிவது, எதுவும் தெரியவில்லை. ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கால் வினாடியில் எடுத்த ஒன்றே ஒன்று அடியில் இருந்தது. அதைக் கையில் எடுத்தார். போண்டா மடித்து வந்த பேப்பரைக் கிழித்து, வலது மேல் மூலையை மறைத்தார். அங்கே மரத்துக்கு நடுவே விரல் நகம் அளவுக்கு வெள்ளை வானம் தெரிந்துகொண்டிருந்தது, நான் கவனிக்கவே இல்லை. மறைத்ததும் கண் நேராகத் தண்ணீருக்குப் போனது. பேப்பரை எடுத்தார், கண் மறுபடி மூலைக்கு ஓடியது. ஓரத்தை மட்டும் இருட்டாக்கினால் அந்த வெள்ளை அழுக்குச் சாம்பலாக மாறுமே தவிர, போகாது. அதை அங்கேயே, முக்காலியை இரண்டடி நகர்த்தித் தீர்த்திருக்க வேண்டும்.

நீல நிழலை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்கு அது ஜுரம் வந்த மாதிரி இருக்கிறதாம். கல்யாண மஞ்சளே பார்த்துப் பழகிய கண், அப்படித்தான் சொல்லும்.

அப்புறம் கேட்டார்: "இது நாலடியா, நாற்பதடியா?"

பதில் சொல்ல முடியவில்லை. படத்தில் அளவுக்கு ஒன்றுமே இல்லை, ஆள் இல்லை, படி இல்லை. ஆள் இருந்தார்கள், போகிற வரைக்கும் காத்திருந்தேன் என்றேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டே என்னையே பார்த்தார்.

ராத்திரி கேமராவின் மெமரி கார்டில் தேடினேன். ஒரு சாமி தனியாக நிற்கிற ஃபிரேம் ஒன்று இருந்தது. கறுப்புப் பாறைக்கு முன்னால் கறுப்பு வேட்டி, நனைந்த தோள் மட்டும் மின்னுகிறது, தலை ஆடிக் கலங்கியிருக்கிறது. கால் வினாடிதான். அடுத்த கார்த்திகைக்குப் போய், ஒரு சாமியிடம் அசையாமல் நிற்கச் சொல்லிக் கேட்கலாம். அந்தக் குளிரில் நிற்பாரா என்பதுதான் தெரியவில்லை.