திற்பரப்பில் பிடித்த கை

எனக்கு மைனஸ் எட்டு. கண்ணாடியைக் கழற்றினால் அரைச் சாணுக்கு அந்தப்பக்கம் எல்லாமே கஞ்சித்தண்ணிதான்.

போன ஆடியில் திற்பரப்பு அருவிக்குப் போனோம். கண்ணாடியை இவரிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் நீலச் சட்டை நிற்கிறது. நேராகப் போய்க் கையைப் பிடித்து, "துண்ட எடுத்து நீட்டினா என்ன, குறைஞ்சா போவிய?" என்று ஒரு சத்தம் போட்டேன். நீலச் சட்டை பதிலே பேசவில்லை. இவர் அப்படி வாயை மூடிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. நாலடி தள்ளி இவர், ஒரு கையில் என் கண்ணாடி, மறு கையில் மிளகாய் பஜ்ஜி. அந்த அண்ணன் பாவம், தன் துண்டையே எடுத்துத் தந்துவிட்டார்.

அடுத்த வாரமே நாகர்கோவிலில் கண் ஆஸ்பத்திரி. லாசிக், அதாவது கண்ணாடியே வேண்டாதபடி கருவிழியை லேசரில் சீவுகிற ஆபரேஷன், பண்ணிவிடலாம் என்ற தைரியத்தில்தான் போனேன். டாக்டரம்மா கருவிழியின் கனத்தை அளந்தார்: 478 மைக்ரான். சாதாரணமாக 540 பக்கம் இருக்குமாம். அப்புறம் மீன்காரி மாதிரி மனக்கணக்குப் போட்டார். கருவிழியின் மேலே மூடி மாதிரி வெட்டித் திறக்க நூற்றுப் பத்து, எட்டுப் பவருக்கு லேசரில் சீவ இன்னொரு நூற்றுப் பத்து. "மிச்சம் 250க்குக் கீழ போகவே கூடாது. உங்களுக்கு விளிம்புல நிக்கு. நான் பண்ண மாட்டேன்."

அடுத்தது ஐசிஎல். கண்மணிக்குப் பின்னால், நம்ம சொந்த லென்ஸுக்கு முன்னால் ஒரு குட்டி லென்ஸைச் செருகுவது. கருவிழியைச் சீவ வேண்டாம், தேவைப்பட்டால் பிறகு எடுக்கவும் முடியும். ரேட்டைக் கேட்டதும் இவருக்குத்தான் பார்வை மங்கியது.

சரி, கான்டாக்ட் லென்ஸ். போட்டுப் பழக நாற்பது நிமிஷம். கழற்றப் பழகும்போது கால்மணி நேரம் கண்ணைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொடுத்த பிள்ளை மெதுவாக, "அக்கா, அது உங்க சேலையில இருக்கு" என்றாள். ஆனாலும் உலகம் ஓரச்சட்டம் இல்லாமல் தெரிந்தது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"இனி அருவியில கூட எல்லாம் தெரியும், இல்லியா?"

"ஐயோ, அருவி, குளம், பைப் தண்ணி எதுவும் லென்ஸ்ல படக்கூடாது. தண்ணியில உள்ள ஒரு அமீபா லென்ஸுக்கு அடியில போனா கருவிழியையே தின்னுரும். போட்டுட்டுத் தூங்கவும் கூடாது."

எந்த இடத்துக்காக இத்தனை பாடுபட்டேனோ அங்கேயே போடக்கூடாதாம்!

போதாக்குறைக்கு டாக்டரம்மா வயசைக் கேட்டார். 41 என்றேன். "அப்போ எதைச் செஞ்சாலும் தூரத்துக் கண்ணாடிதான் போகும். வாசிக்கதுக்குக் கண்ணாடி கூடிய சீக்கிரம் வந்துரும்" என்றார். இப்போது கண்ணாடியைக் கழற்றி மூக்கருகே வைத்தால் எறும்பின் மீசை தெரியும். அந்தச் சௌகரியம் போய்விடும்.

வீட்டில் இதைச் சொன்னதும் மாமிதான் ஆடிப்போனார்கள். வீட்டில் ஊசியில் நூல் கோர்ப்பது நான், சாளை மீனில் பொடிமுள் பார்த்துப் பிள்ளைக்கு ஊட்டுவது நான், மருந்து டப்பாவில் தேதி படிப்பது நான். "ஒரு வேலையும் வேண்டாம் மக்களே. சாமி குடுத்த கண்ணு, நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். பெண் பார்க்க வந்த அன்று இதே கண்ணைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எனக்கு மறக்கவில்லை.

கடைசியில் கல்யாண வீட்டுக்குப் போக மட்டும் கான்டாக்ட் லென்ஸ், மற்ற நாளெல்லாம் பழைய சோடாபுட்டி என்று முடிவானது. அருவிக்கு மட்டும் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். இவர் இடுப்பில் கறுப்புத் துண்டு. கஞ்சித்தண்ணியிலும் கறுப்பு தெரியுமே.

போன வாரம் போனோம். கார்த்திகை மாசம் என்பது மறந்தே போயிற்று. குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், படி முழுக்க ஐயப்ப சாமிமார்.