என்னிடம் கேட்காமல் என் மகளிடம் கேட்டார்

டொரொன்டோவுக்கு நாங்கள் குடிவந்தபோது மகளுக்கு ஏழு வயது. ஸ்கார்பரோவில் ஓர் அடுக்குமாடி வீடு, நவம்பர் மாதம், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். திருச்சியில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை இங்கே பள்ளியில் வாயே திறக்கவில்லை. பார்க்கிற பெரியவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான், இவளுக்கு இங்கிலீஷ் வருமா என்று. அவள் என் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

எங்களை நூலகத்துக்கு அனுப்பியது கீழ்த்தளத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அன்ரி. "பிள்ளையை வீட்டுக்குள்ளயே வச்சிருக்காதேங்கோ, லைப்ரரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, காசு ஒண்டும் இல்லை" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது அவர் பள்ளி மாணவி. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அதில் போயின. அங்கிருந்த சிறுவர் பகுதியில்தான் தான் வாசிக்கப் பழகினேன் என்பார். அதனால்தானோ என்னவோ, ஊருக்குப் புதிதாக எந்தக் குடும்பம் வந்தாலும் அவர் முதலில் விசாரிப்பது நூலக அட்டை எடுத்தாயிற்றா என்பதைத்தான். அப்போதெல்லாம் இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான சுகாதார அட்டைக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நூலக அட்டையோ, நம் பெயரும் முகவரியும் உள்ள ஆதாரத்தைக் காட்டினால் அன்றே கையில்.

சிறுவர் பகுதியில் இருந்த நூலகர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் உயரத்துக்குக் குனிந்து, உனக்கு என்ன பிடிக்கும் என்று அவளிடமே கேட்டார். பதில் வரவில்லை. அவர் அவசரப்படவும் இல்லை, நான் பதில் சொல்ல விடவும் இல்லை, நாலைந்து படப் புத்தகங்களைத் தரையில் பரப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மகள் பாம்புப் புத்தகத்தை எடுத்தாள். திரும்பி வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, பாம்பு பற்றியே இன்னும் மூன்று புத்தகங்களைத் தேடிக் கொண்டுவந்தார், எழுத்து குறைவு, புகைப்படம் அதிகம். வாசித்துக் காட்டு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம் போனபோது, புதுசா ஒரு பாம்புப் புத்தகம் வந்திருக்கிறது என்று எடுத்து வைத்திருந்தார். அந்த ஊரில் தன்னை ஞாபகம் வைத்திருந்த முதல் பெரியவர் அவர் என்று மகள் இன்றைக்கும் சொல்வாள்.

இன்னொன்றும் செய்தார். ஆங்கிலப் புத்தகமாகவே நான் அள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்து, தமிழ் அலமாரி எங்கே இருக்கிறது என்று காட்டி, வீட்டில் உங்கள் மொழியிலேயே வாசித்துக் காட்டுங்கள், அது அவளை எந்த விதத்திலும் பின்னுக்கு இழுக்காது என்றார். பள்ளியிலோ உறவுக்காரர்களிடமோ அதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்று எடுத்துவந்த தமிழ்க் கதைகளால்தான் அவள் இன்றைக்குப் பாட்டியோடு தமிழில் சண்டை போடுகிறாள்.

இப்படி நடந்துகொள்வது அவருடைய தனிப்பட்ட நல்ல குணம் என்றுதான் முதலில் நினைத்தேன். குணமும்தான், ஆனால் இந்த நகரத்தில் அதற்கு நூறு வருட வரலாறு உண்டு. 1912இல் லிலியன் ஸ்மித் என்ற இளம்பெண் இங்கே சிறுவர் நூலகராக வேலைக்குச் சேர்ந்தார். அன்றைய பிரிட்டிஷ் பேரரசிலேயே அதற்கென்று பயிற்சி பெற்ற முதல் ஆள் அவர்தான். 1922இல் பிள்ளைகளுக்கு மட்டுமான ஒரு நூலகத்தைத் தனி வீட்டில் திறந்தார்கள். பெரியவர்களின் புத்தகங்களுக்கு உண்டான அடுக்கு முறை பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்று தானே ஒரு முறையை வகுத்தவர் அவர். காலேஜ் தெருவில் அவர் பெயரில் உள்ள கிளைக்கு ஒரு முறையாவது பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். வாசலில் நம் கோயில் யாளி போல இரண்டு பெரிய வெண்கல விலங்குகள் காவல் இருக்கும். மாடியில் பல நூற்றாண்டுப் பழமையான சிறுவர் நூல்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

நம்மிடமும் இந்த எண்ணம் இல்லாமல் இல்லை. "ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்" என்பதை நூலகத்துறையின் விதிகளில் ஒன்றாக 1931இல் எழுதியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். ஆனால் நான் சிறுமியாக இருந்தபோது போன நூலகத்தில் அவர் படம் சுவரில் இருக்கும், கதைப் புத்தகங்கள் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டி இருக்கும். சாவி கேட்கப் பயந்தே பாதிப் பேர் திரும்பிவிடுவோம். பீரோ பூட்டியிருந்தால் எவ்வளவு நல்ல புத்தகமும் பிள்ளைக்கு இல்லாத புத்தகம்தான், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இங்கேயும் ஒரு பூட்டு இருந்தது, அபராதம். மாதக் கடைசியில் அதற்குப் பயந்து புத்தகமே எடுக்காமல் போன அம்மாக்களை எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கான தாமத அபராதத்தை 2021இலும் பெரியவர்களுக்கானதை 2022இலும் டொரொன்டோ பொது நூலகம் நீக்கிவிட்டது. இது தெரியாமல் இன்னும் தயங்கும் குடும்பங்கள் இருக்கின்றன, தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

இந்த மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளி முடிக்க 40 மணி நேரம் சமூக சேவை செய்ய வேண்டும். மகள் யாரையும் கேட்காமல் அதே கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். 40 முடிந்த பிறகும் சனிக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தாள். அங்கே புதிதாக வந்த ஒரு சிரியப் பையனுக்கு லாரிதான் பிடிக்குமாம், லாரிப் புத்தகம் எல்லாம் தீர்ந்துபோய் வேறு கிளைகளில் இருந்து வரவழைத்துக்கொண்டிருந்தாள்.