‘பொருள்’ எனக்கு வாங்கிக் கொடுத்த 88: தமிழ்வழியில் தத்துவம்

போன வாரம் யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வின் இறுதிப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. வீட்டில் பாயசம் வைக்கும் அளவுக்கு வந்திருக்கிறது, ஐ.ஏ.எஸ். கிடைக்கும் அளவுக்கு இல்லை. ரேங்க்கைக் கேட்காதீர்கள். மூன்றாவது முயற்சி, விருப்பப்பாடம் தத்துவம், மெயின்ஸ் முழுக்கத் தமிழில். முதல் தாளில் போன முறை 250க்கு 88. இந்த முறை 129. நடுவில் புதிதாக ஒரு புத்தகம்கூடப் படிக்கவில்லை. ஒரு சொல்லை அடக்கி வைத்தேன், அவ்வளவுதான்.

அந்தச் சொல் ‘பொருள்’.

கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். மண்டைக்குள் ஓடுவது ஆங்கில நோட்ஸ், கை எழுதுவது தமிழ். அரசியல் அறிவியலோ புவியியலோ எழுதுகிறவர்களுக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. மொழியைப் பற்றியே கேள்வி வரும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம். மொழியைப் பற்றி யோசித்த தத்துவவாதி விட்கென்ஸ்டைனின் ‘டிராக்டேட்டஸ்’ நூலில் 3.203 என்று எண் போட்ட ஒரு வரி. அதை நான் தமிழில் இப்படி எழுதினேன்: “பெயர் ஒரு பொருளைக் குறிக்கிறது. அந்தப் பொருளே அதன் பொருள்.” என் பயிற்சித் தாளை எடுத்துப் படித்த தம்பி, “என்னக்கா இது, விடுகதையா?” என்றான். சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். பரீட்சையிலும் அதையே எழுதினேன்.

அவர் எழுதிய ஜெர்மனில் அவை கெகன்ஸ்டான்ட் (ஆப்ஜெக்ட்), பெடாய்டுங் (மீனிங்) என்று இரண்டு தனிச் சொற்கள். உலகத்தில் கிடக்கிற ஒன்று வேறு, சொல்லுக்கு இருக்கிற அர்த்தம் வேறு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, பெயரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான் என்கிறார் விட்கென்ஸ்டைன். வாக்கியம் என்பது உலகின் படம் என்கிற அவருடைய படக் கொள்கை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால், அவர் வாதாடி வந்து சேர்கிற இடத்தில் நாம் வாதாடாமலே போய் உட்கார்ந்துவிடுகிறோம். போதாததற்கு அதே விடைத்தாளில் ஸ்பினோசாவின் சப்ஸ்டன்ஸும் பொருள், டெகார்ட்டின் மேட்டரும் பொருள். திருத்தியவர் பாவம்.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்:

- பொருள்: ஆப்ஜெக்ட்டுக்கு மட்டும். வேறு எதற்கும் கிடையாது.
- அர்த்தம்: மீனிங். வடசொல் என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.
- திரவியம்: சப்ஸ்டன்ஸ். நியாய-வைசேஷிகம் என்ற இந்தியத் தத்துவப் பள்ளிக்கும் இதே சொல் உதவும்.
- சடம்: மேட்டர்.
- சுட்டு: ரெஃபரன்ஸ், அதாவது ஒரு சொல் எதைக் காட்டுகிறது என்பது.
- சொன்மை: ஒரு சொல் தன்னையே குறிக்கும்போது. இது தொல்காப்பியர் தந்தது. “எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே” என்ற கையோடு அடுத்த நூற்பாவிலேயே பொருண்மை வேறு, சொன்மை வேறு என்று பிரித்துவிடுகிறார். நான் தேடிய கருவி அங்கே சும்மா கிடந்தது.

இந்தச் சொற்களை முதல் முறை எழுதும்போது பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலக் கலைச்சொல்லைப் போடலாம். அறிவிக்கையிலேயே அனுமதி இருக்கிறது. ஆனால் கலைச்சொல்லுக்கு மட்டும். அதைச் சாக்காக வைத்து ஆங்கில வாக்கியங்களை நுழைத்தால் மதிப்பெண் குறைப்பார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது. நான் ஒரு விடைக்கு மூன்றைத் தாண்டவில்லை.

உதாரணங்கள் விஷயமும் இதே கதைதான். நோட்ஸில் இருக்கிற ஆங்கில உதாரணத்தை அப்படியே தமிழில் இறக்கினால் பாதி நேரம் அது செத்துப் போயிருக்கும். ஆங்கிலத் தத்துவவாதி ரஸ்ஸலின் 1905 கட்டுரை ‘தி’ (the) என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போகிறது. தமிழில் அந்தச் சொல்லே இல்லை. “பிரான்சின் இன்றைய அரசன் வழுக்கைத் தலையன்” (அங்கே இன்று அரசனே இல்லை) என்று எழுதிவிட்டு நேரே அலசலில் இறங்கினால், இதில் என்ன சிக்கல் என்றே புரியாது. ‘தி’ என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டு, அப்புறம் மூன்றாக உடையுங்கள்: அப்படி ஓர் அரசன் இருக்கிறான், ஒருவனுக்கு மேல் இல்லை, அவனுக்கு வழுக்கை. அமெரிக்கத் தத்துவவாதி குவைனுக்கு எல்லோரும் எழுதும் ‘பேச்சலர் என்றால் மணமாகாத ஆண்’ உதாரணமும் அப்படித்தான். பிரம்மச்சாரி என்று மொழிபெயர்த்தால் விரதம், காவி எல்லாம் கூடவே வந்துவிடும். நான் அதையே திருப்பிப் போட்டேன்: ‘பிரம்மச்சாரி’யும் ‘மணமாகாத ஆணும்’ ஒரே அர்த்தமா என்று கேட்டு, ஒரே அர்த்தம் என்றால் என்ன என்ற குவைனின் கேள்விக்குள் நுழைந்தேன். சொற்களை நாம் பயன்படுத்தும் விதங்களைப் பிந்தைய விட்கென்ஸ்டைன் ‘மொழி விளையாட்டு’ என்பார்; அது மட்டும் நமக்குச் சாதகம். ஜெர்மன் ‘ஷ்பீல்’ போலவே ‘விளையாட்டு’ம் சதுரங்கத்திலிருந்து குழந்தை தனியாகப் பந்தைச் சுவரில் எறிவது வரைக்கும் போகும்.

88இல் பங்குள்ள இன்னொரு தவறும் உண்டு. “என் மொழியின் எல்லைகளே என் உலகின் எல்லைகள்” என்ற டிராக்டேட்டஸின் 5.6ஐப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. அரைப் பக்கத்துக்கு அமெரிக்க மொழியியலாளர் வோர்ஃப், அமெரிக்கப் பழங்குடியான ஹோப்பி மக்களுக்குக் காலமே கிடையாது, எஸ்கிமோக்களிடம் பனிக்கு ஏகப்பட்ட சொற்கள் என்று அள்ளி விட்டேன். நான் காசு கொடுத்து வாங்கிய நோட்ஸில் எல்லாம் ஒரே பத்தியில் கலந்து கிடந்தது. டிராக்டேட்டஸ் பேசுவது தமிழையோ ஜெர்மனையோ அல்ல, எந்த மொழிக்கும் பொதுவான தருக்க வடிவத்தை. வோர்ஃப் சொல்வது அதற்கு நேர் எதிர்: மொழிக்கு மொழி சிந்தனை மாறும் என்கிறார். இரண்டையும் ஒட்டினால் படிக்காதவர் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஹோப்பி கதையும் நிற்கவில்லை. அந்த மொழியில் காலத்தைச் சொல்லும் வழிகளைத் திரட்டி 1983இல் மலோட்கி என்ற மொழியியலாளர் ஒரு பெரிய புத்தகமே போட்டுவிட்டார்.

ஆனாலும் எனக்கு வோர்ஃபைப் பிடிக்கும். அவர் தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளர். பெட்ரோல் நிரம்பிய பீப்பாய்களுக்குப் பக்கத்தில் ஜாக்கிரதையாக இருக்கிறவர்கள், ‘காலி’ பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பிடிப்பதைக் கவனித்தார். காலி பீப்பாய்க்குள் முழுக்க ஆவி, அதுதான் அதிக ஆபத்து. ‘காலி’ என்ற சொல் பயத்தையும் சேர்த்துக் காலி செய்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் குகு யிமித்திர் மொழிக்காரர்கள் இடம் வலம் என்று சொல்வதில்லை, எல்லாவற்றுக்கும் திசைதான் என்று படித்தபோது, “அந்தச் சொம்பைக் கொஞ்சம் மேற்கால நகத்து” என்கிற எங்கள் அப்பாயி ஞாபகம் வந்தது. எட்டுக்கு எட்டு அறைக்குள்ளும் அவருக்கு மேற்கு எது என்று தெரியும். இதையெல்லாம் ராத்திரி தூக்கம் வராதபோது படியுங்கள். விடைத்தாளில் பிந்தைய விட்கென்ஸ்டைனில் வேண்டுமானால் ஒரு வரி, அதற்கு மேல் வேண்டாம்.

மற்றபடி:

- தினம் ஒரு விடை போதும். நான் மெதுவாக எழுதுபவள், ஐந்து எழுதினால் ஐந்தும் குப்பை.
- சொல் நோட்டு ஒன்று. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ், அடித்துத் திருத்த இடம் விட்டு.
- தத்துவம் தெரியாத ஒருவரிடம் விடையைப் படிக்கக் கொடுங்கள். அவர் சிரித்தால் சேர்ந்து சிரிக்காதீர்கள்.
- டெஸ்ட் சீரிஸ் ஒன்று போதும்.

இந்த முறை நான் ரசித்து எழுதிய விடை தனிமொழி மறுப்பு, 10 மதிப்பெண். ஒருவருக்கு மட்டுமே புரியக்கூடிய மொழி இருக்க முடியாது என்கிற பிந்தைய விட்கென்ஸ்டைனின் வாதம் அது. வலி என்பது உள்ளே இருக்கும் ஒரு பொருள், ‘வலி’ என்பது அதற்கு நாம் ஒட்டிய பெயர் என்கிற மாதிரியைத்தான் விட்கென்ஸ்டைன் உடைக்கிறார். ஆங்கிலத்தில் வலியை ‘வைத்திருக்கிறார்கள்’, பேனா வைத்திருப்பதைப் போல. நாம் “எனக்கு வலிக்கிறது” என்கிறோம். அதில் உடைமையும் இல்லை, உடைமையாளரும் இல்லை. இதை எழுதிய சூட்டில், தமிழனுக்கு விட்கென்ஸ்டைன் தேவையே இல்லை என்று முடிக்கப் பார்த்தேன். நல்லவேளை, “என் வலி எனக்குத்தான் தெரியும்” என்று சொல்வதும் நாம்தான் என்பது ஞாபகம் வந்து அதையும் சேர்த்தேன். அதற்குள் இரண்டாம் பக்கம் முடியப்போகிறது. ஆளுக்கொரு பெட்டி, அடுத்தவர் பெட்டிக்குள் யாரும் பார்க்க முடியாது, உள்ளே இருப்பதை எல்லோரும் ‘வண்டு’ என்கிறார்கள் என்ற அவருடைய புகழ்பெற்ற உதாரணத்துக்கு இடமே இல்லை. ஒரே வரியில் அந்த வண்டை உள்ளே போட்டு மூடிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.