அருகில் போகாமல் வளர்ப்பது

மிருகங்களைப் பராமரிக்கும் வேலை என்றால் அவற்றோடு நெருங்கிப் பழகுவதுதான் என்று நினைத்து, ஓரிக்ஸ் என்ற மான் போன்ற மிருகத்தின் இனப்பெருக்க மையத்தில் சேர்ந்தேன். முதல் வாரமே மூத்த பராமரிப்பாளர் சொல்லிவிட்டார்: "தீவனத்தைப் போடு, தண்ணீரைப் பார், எண்ணிக்கையைச் சரிபார், வெளியே வந்துவிடு. பெயர் வைக்காதே, பேச்சுக் கொடுக்காதே."

எங்களிடம் இருந்தவை ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதி ஓரிக்ஸ்கள். வெள்ளை உடம்பு, செம்மண் நிறக் கழுத்து, வாள் போல முதுகை நோக்கி வளைந்து போகும் நீண்ட கொம்புகள். சகாராவின் தென் விளிம்பில் பெரும் மந்தைகளாகத் திரிந்தவை. வண்டியில் துரத்திச் சுடும் வேட்டையும் வறட்சியும் சேர்ந்து அழித்துவிட்டன. 2000இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் இவற்றை இயற்கையில் அற்றுப்போன இனமாகப் பட்டியலிட்டது. அதற்கு முன்பே பிடித்துக் கொண்டுபோய் வளர்த்த சிலவற்றின் வாரிசுகள்தான் உலகத்தில் எஞ்சியவை. அதனால் எந்தக் கிடாவை எந்தப் பெட்டைகளோடு விடுவது என்பதை வம்சாவளிப் பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். கண்ணுக்கு அழகான கிடா என்பதெல்லாம் கணக்கிலேயே வராது.

நான் செய்த தவறு முதல் வருடத்தில் நடந்தது. ஒரு மாலை, வேலி ஓரப் புதர் நிழலில் பிறந்து இரண்டு மூன்று நாளான கன்று ஒன்று தனியாகச் சுருண்டு கிடந்தது. தாய் எங்கோ தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. கைவிட்டுவிட்டது என்று பதறி, கன்றைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தேன். ஓரிக்ஸ் கன்றுகள் முதல் சில வாரங்கள் அப்படித்தான் ஒளிந்து கிடக்கும், தாய் பால் கொடுக்க மட்டும் வந்துபோகும். அந்தக் கன்று பத்திரமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை திரும்பக் கொண்டுபோய் விட்டபோது தாய் அதைச் சேர்க்கவில்லை, முட்டித் தள்ளியது. எட்டு மாதத்துக்கு மேல் சுமந்து பெற்ற ஒரே கன்று.

புட்டியில் பால் கொடுத்து வளர்த்தோம். என் காலடிச் சத்தம் கேட்டாலே ஓடி வருவான். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் எனக்கு அது மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் மனிதரையே தன் இனம் என்று நம்பி வளர்ந்த கிடா, பருவம் வந்ததும் மனிதரைத்தான் போட்டிக் கிடாவாகப் பார்க்கும். கொம்பு நீண்ட பிறகு அவன் என்னை நோக்கி ஓடி வந்ததன் அர்த்தமே வேறாகிவிட்டது. அவனை மந்தையோடும் விட முடியவில்லை, இயற்கையில் விட அனுப்பும் பட்டியலிலும் சேர்க்க முடியவில்லை.

தூரம் ஏன் வேண்டும் என்பது எனக்கு முழுதாக உறைத்தது ஓமனின் கதையைத் தெரிந்துகொண்டபோது. அது வேறு இனம், அரேபிய ஓரிக்ஸ். 1982இல் அங்கே மறுபடியும் பாலைவனத்தில் விட்டார்கள், பெருகவும் செய்தன. 1996 முதல் கள்ளத்தனமாகப் பிடித்து விற்கத் தொடங்கினார்கள். எண்ணிக்கை சரிந்து, 2007இல் அவை வாழ்ந்த சரணாலயம் உலக மரபுச் சின்னப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அடைப்புக்குள் எத்தனை கன்று பிறந்தாலும் வெளியே காவல் இல்லாவிட்டால் பயனில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடத் தெரியாத மிருகத்தைக் காவலாலும் காப்பாற்ற முடியாது.

எங்கள் இனத்துக்கான வாசல் சாட் நாட்டில் திறந்தது. சுமார் 78,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு காப்பகத்தில், 2016 ஆகஸ்டில், மழையில் புல் முளைத்திருந்த நேரம் பார்த்து, முதல் 21 ஓரிக்ஸ்களை விட்டார்கள். அடுத்தடுத்து மந்தைகள் போயின, அங்கேயே கன்றுகள் பிறந்தன. 2023இல் 'இயற்கையில் அற்றுப்போனது' என்ற நிலை மாறி 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்றானது. அந்த வரியைப் படித்துவிட்டு அன்று வேலையே ஓடவில்லை எனக்கு.

எங்கள் மையத்திலிருந்தும் ஒரு தொகுதி புறப்பட்டது. கொம்பு நுனிகளில் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, ஒவ்வொன்றாக இருட்டுப் பெட்டிக்குள் ஏற்றினோம். யாரும் பேசவில்லை, சைகைதான். நான்கு வருடம் தினமும் குதிரை மசால் போட்டவன் நான். என்னைக் கண்டதும் ஒரு பெட்டை மிரண்டு பெட்டியின் மூலைக்கு ஒதுங்கியது. சரியாக வளர்த்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தது, தொண்டையும் அடைத்தது.

வண்டி போன பிறகு தனி அடைப்புக்குத் தீவனம் வைக்கப் போனேன். வழக்கம்போல அவன் வேலியருகே வந்து காத்திருந்தான். பலகையை முன்னால் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.