அம்மாவின் பீரோவும் 18,000 ரூபாயும்

அம்மாவின் பழைய பீரோவை விற்க இணையத்தில் படம் போட்டிருந்தேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் பேரமே பேசவில்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். "பணம் அனுப்பியிருக்கேன் சார், பின் நம்பர் போட்டு வாங்கிக்கோங்க" என்றார். போட்டேன். 18,000 ரூபாய் போயிற்று. பணம் வாங்க யூபிஐ பின் தேவையில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

மனைவிதான் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்கச் சொன்னாள். மூன்றாவது முறைதான் லைன் கிடைத்தது. 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கேட்டார்கள். கை நடுக்கத்தில் இரண்டு தடவை தப்பாகப் படித்தேன். அப்புறம் வங்கிக்கும் எழுதிக் கொடுத்தேன்.

என் பணம் போய்ச் சேர்ந்திருந்த யாரோ ஒருவரின் கணக்கில் 11,000 ரூபாயை முடக்கினார்கள். மீதியை அதற்குள் மோசடிக்காரர்கள் ஏடிஎம்மில் எடுத்துவிட்டார்கள். முடக்கிய பணம் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். எங்கே! நீதிமன்றத்தில் மனுப் போட்டு, உத்தரவு வாங்கி, அதை வங்கியில் கொடுத்து, கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. நடுவில், "மீட்டுத் தருகிறோம், 2,000 ரூபாய் கட்டுங்கள்" என்று இன்னொருவன் வேறு கூப்பிட்டான். அவனிடம் பேரம் பேசினேன், வைத்துவிட்டான்.

பீரோ விற்கவில்லை. அம்மா அதில் மறுபடியும் புடவைகளை அடுக்கிவிட்டார்.