சோலையைக் கேட்பதற்கு ஒரு கம்ப்யூட்டர்

வீட்டில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்திருக்கிறேன். கேம் விளையாடவோ வீடியோ எடிட்டிங் செய்யவோ இல்லை. கோத்தகிரி பக்கம் பெரியம்மாவின் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு துண்டுச் சோலை, அதாவது மலை மடிப்பில் வளரும் ஈரமான காடு, மிச்சம் இருக்கிறது. அங்கே விடியற்காலையில் என்னென்ன பறவைகள் குரல் கொடுக்கின்றன என்று வருஷக்கணக்கில் பதிவு செய்து, அந்த ஒலியை எல்லாம் உட்கார்ந்து அலசத்தான் இந்த மெஷின். எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று வீட்டிலும் கேட்டார்கள், ஆபீஸிலும் கேட்டார்கள். அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

மலைமேல் வாழும் உயிர்களுக்கு வெயில் ஏறுவது என்பது சமவெளியில் இருக்கும் நமக்கு ஏறுவது மாதிரி இல்லை. ஆயிரம் மீட்டர் மேலே போனால் சுமார் 6.5 டிகிரி குளிர்ச்சி கூடும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால், பழைய குளிர் வேண்டும் என்கிற பறவை கிட்டத்தட்ட 150 மீட்டர் மேலே ஏற வேண்டும். ஏறலாம், ஆனால் எவ்வளவு தூரம்? நீலகிரியின் உச்சியே தொட்டபெட்டா, 2,637 மீட்டர், அதற்கு மேல் மலை கிடையாது. பக்கத்து மலைக்குப் போய்விடலாம் என்றால் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் சூடாக விரிந்து கிடக்கிறது, சோலைப் பறவைகள் அதைத் தாண்டிப் போவதில்லை. எவ்வளவு காலமாகத் தாண்டவில்லை என்றால், கணவாய்க்கு வடக்கே ஒரு இனமும் தெற்கே வேறொரு இனமுமாகப் பிரிந்தே போயிருக்கின்றன. நீலகிரியில் இருக்கும் நீலகிரிச் சோலைக்கிளியும் ஆனைமலை, பழனி மலையில் இருக்கும் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளியும் அப்படிப்பட்டவை. 2017ல் வெளியான மரபணு ஆய்வு இந்தக் கூட்டத்துக்கே ஷோலிகோலா என்று தனிப் பேரினம் கொடுத்தது. இந்தப் பேரினப் பறவைகள் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

நீலகிரிச் சோலைக்கிளி பேரில்தான் கிளி, உண்மையில் கையளவுகூட இல்லாத வேறொரு சின்னப் பறவை. கருநீல உடம்பு, செம்பழுப்பு வயிறு. சோலைக்குள் ஈரமான தரையில் சருகுகளுக்கு நடுவே பூச்சி தேடும். கண்ணில் படுவது அபூர்வம், ஆனால் குரல் நன்றாகக் கேட்கும். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயுசிஎன் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனம். வரையாட்டுக்காவது அரசு திட்டம் போட்டு ஆள் அனுப்பி எண்ணுகிறது, 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 என்று வந்தது, நல்ல விஷயம். ஆனால் பெரியம்மா தோட்டத்து ஓரத்தில் இருக்கும் சோலைக்கிளியை ஒவ்வொரு பருவத்திலும் யார் எண்ணுவார்கள்? பக்கத்தில் லாங்வுட் சோலை இருக்கிறது, 116 ஹெக்டேர், 2024ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். தனியார் நிலத்தில் அங்கங்கே தொங்கிக்கொண்டிருக்கும் துண்டுகளுக்கு யாரும் இல்லை. அந்தத் துண்டு போனால் போனதே தெரியாது. எனக்கு உறுத்துவது அதுதான்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருகிறேன். சோலையோரம் ஒரு மரத்தில் ஆடியோமாத் என்கிற சின்ன ரெக்கார்டரைக் கட்டி வைத்திருக்கிறோம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, மூன்று பென்சில் பேட்டரி, ஒரு மெமரி கார்டு, அவ்வளவுதான். காலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை பதிவு செய்யும்படி அமைத்திருக்கிறேன். ஒலியை ஒரு நொடிக்கு 48,000 தடவை அளந்து பதியும், 16 பிட், ஒற்றைச் சேனல். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 345 எம்பி, ஒரு காலைக்கு 1.4 ஜிபி, வருஷத்துக்கு 500 ஜிபி. சுருக்கி எம்பி3 ஆக்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: சில பறவைகளின் மெல்லிய உச்ச ஸ்தாயியைத்தான் எம்பி3 முதலில் தின்னும், அதனால் அப்படியே வைத்திருப்பதுதான் நல்லது. என் பழைய லேப்டாப்பில் இதைத் திறந்தாலே ஃபேன் அலற ஆரம்பித்துவிடும், ஒரு மாதத்துப் பதிவு உள்ளே போனால் டிஸ்க்கில் இடமே இருக்காது.

பாகங்கள் வாங்கப் போனபோது கடைக்காரத் தம்பி எடுத்த எடுப்பில் பெரிய கிராபிக்ஸ் கார்டைக் காட்டினார். ஏஐ வேலை என்று நான் வாயைத் திறந்ததுதான் காரணம். அவர் மேல் தப்பில்லை, எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் ஆர்டிஎக்ஸ் 4090 மாதிரியான ஒரு கார்டு மட்டுமே 450 வாட் வரை இழுக்கும். பறவைக் குரலை அடையாளம் காண அவ்வளவு தேவையே இல்லை, சாதாரண ப்ராசசரே போதும். கடைசியில் எடுத்தது ரைசன் 5 5600ஜி ப்ராசசர். ஆறு கோர், உள்ளேயே கிராபிக்ஸ், 65 வாட், பயாஸ் என்கிற மதர்போர்டு செட்டிங்கில் 45 வாட்டாகவும் குறைத்து வைக்கலாம். புதிய தலைமுறை இல்லை, இது உட்காரும் ஏஎம்4 சாக்கெட் பழசாகிவிட்டது என்று சொல்வார்கள். எனக்கு அதுதான் வசதி, ஏனென்றால் பி550 மதர்போர்டும் டிடிஆர்4 ரேமும் செகண்ட் ஹேண்டிலும் கிடைக்கும், நாளைக்கு ஒன்று பழுதானாலும் மாற்றிக்கொள்ளலாம். கேபினட் பழையது. 4 டிபி ஹார்ட் டிஸ்க், 500 ஜிபி எஸ்எஸ்டி, எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மூன்றையும் புதிதாக வாங்கினேன். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்வேன். மலிவானது செத்தால் தனியாகச் சாகாது, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். அப்புறம் அது குப்பைதானே. ரேம் விலைதான் கையைச் சுட்டது. ஏஐ தரவு மையங்கள் மெமரியை மொத்தமாக அள்ளுவதால் 2025 கடைசியில் விலை எகிறிவிட்டது. 32 ஜிபி போட நினைத்து இப்போதைக்கு 16 ஜிபி போதும் என்று இரண்டு எட்டோடு நிறுத்திக்கொண்டேன், காலி ஸ்லாட் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அசெம்பிள் செய்வது பயப்படும் விஷயம் இல்லை. ஆனால் ஒரு இடத்தில் கை நிதானமாக இருக்க வேண்டும். ஏஎம்4 ப்ராசசரின் அடியில்தான் பின்கள் இருக்கின்றன, மொத்தம் 1,331, ஒவ்வொன்றும் தலைமுடி மாதிரி. ஓரத்தில் ஒரு மூலையில் பொன்னிறத்தில் சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் அதே மூலையில் ஒரு முக்கோணம் இருக்கும். லீவரை மேலே தூக்கிவிட்டு இரண்டு முக்கோணமும் ஒரே மூலையில் வரும்படி வைத்தால் ப்ராசசர் தன் எடையிலேயே உள்ளே இறங்கி உட்காரும். விரலால் அழுத்தவே கூடாது, இறங்கவில்லை என்றால் திசை தப்பு என்று அர்த்தம். உட்கார்ந்ததும் லீவரை இறக்க வேண்டும், அப்போது லேசாக ஒரு பிடிப்பு தெரியும். அக்கா பையன் எட்டாவது படிக்கிறான், இந்த வேலையை அவன்தான் செய்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு. மற்றதெல்லாம் சுலபம். கூலரைக் கழற்றி மாட்டினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும், பவர் பட்டன் ஒயரை மதர்போர்டு புத்தகத்தைப் பார்த்துச் செருக வேண்டும், ப்ராசசருக்கான 8 பின் கனெக்டர் மேல் மூலையில் ஒளிந்திருக்கும், அதை மறக்கக் கூடாது. கடைசியாக உபுண்டு என்கிற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டேன்.

காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு ஒரு புது மெஷின் வாங்குவது நியாயமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. முழு வேலையில் ஓடும்போது ப்ளக்கில் மாட்டிய மீட்டர் நூறு வாட்டுக்குள்தான் காட்டுகிறது, சும்மா இருந்தால் முப்பது சொச்சம். எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் 0.8 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. சிப் செய்வதற்கே ஏகப்பட்ட மின்சாரமும் தண்ணீரும் வேண்டும். 2021ல் தைவானில் கடும் வறட்சி வந்தபோது சிப் ஆலைகளுக்கு லாரியில் தண்ணீர் கொண்டுபோக வேண்டி வந்தது. அதனால் புதிதாக வாங்கும் ஒவ்வொரு பாகத்தையும் பத்து வருஷமாவது ஓட்டுவது என்று முடிவு. தூசியை ஊதி எடுப்பது, யுபிஎஸ் இல்லாமல் ஆன் பண்ணாதது, மின்விசிறிச் சத்தம் மாறினால் உடனே பார்ப்பது எல்லாமே அதற்காகத்தான். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அவ்வளவு நம்ப முடியாது, நகல் ஒன்று வெளியே இருக்கிறது.

இப்போது சுவாரஸ்யமான பகுதி. பேர்ட்நெட் என்று ஒரு இலவச மென்பொருள், கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. ஒலியை மூன்று மூன்று நொடியாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் படமாக மாற்றி, அதில் எந்தப் பறவை என்று ஒரு மதிப்பெண்ணோடு சொல்லும். நான்கு மணி நேரப் பதிவைக் காபி குடித்து முடிப்பதற்குள் பார்த்துவிடுகிறது. அதன் பேச்சை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது முக்கியம். மழை பெய்தால் படம் முழுக்க ஒரே சாம்பல், எட்டு மணிக்கு மேல் தேயிலை வெட்டும் மெஷின் சத்தம், அப்போதெல்லாம் எங்கேயோ இருக்கும் பறவையை எல்லாம் சொல்லும். அதனால் அரிய இனம் என்று எது வந்தாலும் நானே காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டு உறுதி செய்த பிறகுதான் அட்டவணையில் ஏற்றுகிறேன். நீலகிரிச் சிரிப்பான் பிரச்சினை இல்லை, கூட்டமாகக் கெக்கலி கொட்டும், யாருக்கும் தெரியும். சோலைக்கிளிதான் கஷ்டம். அதன் சீழ்க்கை மெதுவாகத் தொடங்கும், பின்னணியில் செம்மீசைச் சின்னான் கத்திக்கொண்டே இருந்தால் மூழ்கிப்போகும். மனிதக் குரல் எங்காவது பதிவாகியிருந்தால் அந்தத் துண்டை அழித்துவிடுகிறேன். தோட்டத்தில் வேலை செய்யும் அக்காக்கள் பேசிக்கொள்வது என் டிஸ்க்கில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு நாள் பதிவில் மயில் அகவியது. ஒரு முறை இல்லை, கீழ்ச்சரிவிலிருந்து விட்டு விட்டு. பெரியம்மாவைக் கேட்டால், நான் கல்யாணமாகி வந்த காலத்தில் இங்கே மயிலாவது ஒன்றாவது என்கிறார். சமவெளிப் புதர்க்காட்டுப் பறவை, வறண்ட இடத்தை விரும்புவது. கேரளத்தில் இதே கதையைப் பெரிய அளவில் பார்க்கிறார்கள். சாலிம் அலி 1933ல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுத்தபோது மயிலைப் பதிவே செய்யவில்லை. இப்போது அங்கே மயில் பல இடங்களில் பரவிவிட்டது, நிலம் வறள்வதன் அடையாளம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கோத்தகிரிச் சரிவில் கேட்ட ஒரு குரலை வைத்து நான் அப்படிச் சொல்லிவிட மாட்டேன். சாப்பாட்டுக் கழிவு, தரிசு விட்ட தோட்டம், துரத்த ஆளில்லாதது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் தேதியோடு, நேரத்தோடு அது பதிவில் இருக்கிறது. பத்து வருஷம் கழித்து யாராவது எப்போதிலிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல முடியும்.

வெப்பம் ஒன்றுதான் எதிரி என்றும் நினைக்கவில்லை. சீகை மரம் (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டதெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் ஏறக்குறைய கால் பங்கை நாற்பது சொச்சம் வருஷத்தில் விழுங்கிவிட்டன என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. புல்வெளி போனால் வரையாட்டுக்கும் நீலகிரி நெட்டைக்காலி என்கிற புல்வெளிப் பறவைக்கும் இடம் போகிறது. மேலே ஏறுகிற உயிருக்கு அங்கே நிற்க இடமாவது இருக்க வேண்டும் இல்லையா? தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட உலக வெப்பம் 1.5 டிகிரி தாண்டிய முதல் வருஷம் 2024 என்று செய்தி வந்த நாளில் எனக்கு நினைப்பு முழுக்க இந்த உச்சிகள் மேல்தான் இருந்தது. வெப்பத்தை நான் ஒருவன் குறைக்க முடியாது, ஆனால் சீகையை எடுத்துவிட்டுச் சோலை மரக் கன்று வைப்பது தோட்டத்து அளவில் முடிகிற காரியம். பெரியம்மா ஓடையோரத்தில் சம்மதித்துவிட்டார், தேயிலை இருக்கிற வரிசையில் கை வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அடுத்து இன்னொரு ரெக்கார்டர் வாங்கப் போகிறேன். முதலாவது சுமார் 1,850 மீட்டரில் இருக்கிறது. இரண்டாவதை அதற்குக் கீழே, 1,300லிருந்து 1,500 மீட்டருக்குள், வைத்தால்தான் கீழேயிருக்கும் பறவை மேலே வருகிறதா என்று ஒப்பிட முடியும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது, அதனால் சொந்த நிலம்தான் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் ரோட்டுப் பக்கம் யாருக்காவது தோட்டம் இருந்து, ஓரத்தில் கொஞ்சம் காடும் இருந்தால் எழுதுங்கள். பேட்டரி மாற்ற நானே வந்துவிடுகிறேன், பதிவின் நகல் உங்களுக்கும் கிடைக்கும்.