எந்த அணி என்னுடைய அணி?

2018 உலகக்கோப்பையில் பெல்ஜியமும் ஜப்பானும் மோதிய ஆட்டத்தை நான் முழுமையாகப் பார்க்கவில்லை. ஜப்பான் இரண்டு கோல் முன்னிலையில் இருந்தபோதுதான் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தேன். அதுவரை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அந்த ஒரு மாதம் மட்டும் கால்பந்து பார்க்கிறவளாகவே இருந்தேன். பந்து எங்கே போகிறதோ அங்கே கண்ணும் போகும், கோல் விழுந்தால் மகிழ்ச்சி, விழாவிட்டால் சலிப்பு என்ற அளவில்தான் எனக்கும் அந்த விளையாட்டுக்கும் உறவு. அந்த ஆட்டத்தின் 94ஆவது நிமிடம் அதை மாற்றியது.

பெல்ஜியம் இரண்டு கோல்களையும் திருப்பி அடித்து 2–2 என்று சமநிலையில் இருந்த நேரம். ஜப்பானுக்குக் கார்னர், அதாவது களத்தின் மூலையிலிருந்து பந்தை அடிக்கும் வாய்ப்பு, கிடைத்தது. ஹோண்டா உயர்த்தி அடித்த பந்தைப் பெல்ஜியத்தின் கோல்கீப்பர் கூர்ட்வா பிடித்த கையோடு சக வீரர் டி புருய்னவின் பாதைக்கு உருட்டிவிட்டார். டி புருய்ன நடுக்களம் முழுவதும் ஓடி, வலப்புறம் வந்த முனியேவுக்குக் கொடுத்தார். முனியே தரையோடு தரையாகக் குறுக்கே அனுப்பினார். ஷாட்லி வலைக்குள் தள்ளினார். ஆட்டம் முடிந்தது, ஜப்பான் வெளியேறியது. நேரலையில் நான் பார்த்தது இவ்வளவுதான்.

மறுஒளிபரப்பில்தான் பெல்ஜியத்தின் முன்கள வீரர் லுக்காக்குவைக் கவனித்தேன். அந்தத் தாக்குதல் முழுவதிலும் அவர் பந்தை ஒருமுறைகூடத் தொடவில்லை. டி புருய்ன ஓடிவரும்போது லுக்காக்கு உள்பக்கமாகச் சாய்ந்து ஓட, அவரைக் காக்க வேண்டிய ஜப்பானியத் தடுப்பாட்டக்காரரும் உடன் இழுபட்டுப் போகிறார். அதனால் திறந்த வெளியில்தான் முனியே வந்து நிற்கிறார். பிறகு குறுக்கே வந்த பந்து நேராக லுக்காக்குவின் காலடிக்கு வருகிறது. உலகக்கோப்பை நாக் அவுட் ஆட்டத்தின் கடைசி நொடியில், கோலுக்கு முன்னால், எந்த முன்கள வீரரும் காலை நீட்டியிருப்பார். அவர் பந்தைத் தன் கால்களுக்கு நடுவே போகவிட்டார். பின்னால் ஷாட்லி வருகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காட்சியை அன்றிரவு பதினைந்து முறையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். பந்தைத் தொடாத ஒருவர் ஒரே தாக்குதலில் இரண்டு முறை ஆட்டத்தைத் தீர்மானித்திருக்கிறார் என்றால், இத்தனை ஆண்டுகளாக நான் கால்பந்தைப் பார்க்கவே இல்லை என்றுதான் பொருள்.

அதன்பின் பந்தில்லாத இடங்களைப் பார்க்கப் பழகினேன். ஆஃப்சைடு விதி புரிந்தபோது இந்தப் பழக்கம் எளிதாயிற்று. சக வீரர் பந்தை அனுப்பும் அந்தக் கணத்தில், எதிரணியின் பாதிக்களத்தில் நிற்கும் வீரர், பந்தையும் எதிரணியில் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும் தாண்டி கோல் கோட்டுக்கு அருகில் இருக்கக் கூடாது. பந்து அவரை வந்தடையும் கணம் கணக்கில்லை, காலைவிட்டுக் கிளம்பும் கணமே கணக்கு. இது விளங்கியதும், நான்கு தடுப்பாட்டக்காரர்கள் ஒரு கயிற்றில் கட்டியதுபோல் முன்னேறுவதும் பின்வாங்குவதும், அந்தக் கயிற்றின் ஓரத்தில் ஒரு முன்கள வீரர் தன் ஓட்டத்தை அரை நொடி தாமதப்படுத்துவதும் கண்ணில் படத் தொடங்கின. புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே வழியும் இதுதான்: பத்து நிமிடத்துக்கு ஒரே ஒரு ஆட்டக்காரரை மட்டும், பந்து எங்கிருந்தாலும், பார்த்துக்கொண்டிருங்கள்.

ஆனால் ஒருவரின் ஓட்டத்தைப் படிக்க வேண்டுமென்றால் அவரை வாரந்தோறும் பார்க்க வேண்டும். நாட்டு அணிகள் எப்போதாவதுதான் கூடுகின்றன. ஆகஸ்டிலிருந்து மே வரை வாரம் தவறாமல் ஆடுபவை கிளப்புகளே. எனவே எனக்கென ஒரு கிளப் வேண்டும் என்று தேடத் தொடங்கினேன்.

எளிய வழி வெற்றியாளரைப் பிடித்துக்கொள்வது. அந்தப் பருவத்தில் மான்செஸ்டர் சிட்டி 100 புள்ளிகளோடு இங்கிலாந்தின் பிரீமியர் லீகை வென்றிருந்தது. அவர்கள் ஆடும் விதம் அழகாகவும் இருந்தது. ஆனால் எதிர்பார்த்தபடியே நடக்கும் வெற்றியில் நான் பங்கெடுக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அடுத்தது ஒரு வீரரின் பின்னால் போவது. அந்த ஜூலையிலேயே ரொனால்டோ ஒன்பது ஆண்டுகள் ஆடிய ரியல் மாட்ரிடை விட்டு யுவென்டஸுக்குப் போனார். அவருக்காக மாட்ரிடைப் பின்தொடர்ந்தவர்கள் அவரோடு இத்தாலிக்குப் போவதா, அல்லது அவரில்லாத அணியோடு இருப்பதா என்று ஒரே வாரத்தில் முடிவுசெய்ய வேண்டியதாயிற்று. பயிற்சியாளரின் பாணியை நம்பலாமா? ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீகைத் தொடர்ந்து மூன்றாவது முறை வென்ற சில நாள்களிலேயே பயிற்சியாளர் சிடான் அதே மாட்ரிடிலிருந்து விலகியிருந்தார். கோப்பை, நாயகன், பாணி ஆகிய மூன்றுமே அடுத்த ஆண்டு இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாதவை. அப்படியானால் ஒரு கிளப்பில் மாறாமல் இருப்பது எது என்ற கேள்விதான் என் தேடலாக மாறியது.

அந்தத் தேடலில் விம்பிள்டன் கால்பந்துக் கிளப்பின் கதை என்னை வெகுவாகப் பாதித்தது. லண்டனில் இருந்த அந்தக் கிளப் மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்கு இடம்பெயர 2002இல் அனுமதி பெற்றது. கிளப் போனாலும் நாங்கள் போகமாட்டோம் என்று ரசிகர்கள் அதே ஆண்டு ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, அடிமட்டப் பிரிவுகளிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, 2011இல் தொழில்முறை லீகுக்குள் நுழைந்தார்கள். 2020இல் தங்கள் பழைய மண்ணான பிளவ் லேனுக்குத் திரும்பியும் வந்தார்கள். ஒரு கிளப் என்பது அதன் பெயர்ப் பலகையோ உரிமப் பத்திரமோ அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. ஆயினும் அந்த உரிமை அங்கே வியர்வை சிந்தியவர்களுடையது. தொலைவிலிருந்து நான் அதில் ஒட்டிக்கொள்வது சரியாகப் படவில்லை.

பிறகு அத்லெட்டிக் பில்பாவைப் பற்றிப் படித்தேன். ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் மக்களின் நிலத்தில் 1898இல் தோன்றிய கிளப் அது. பாஸ்க் நிலத்தில் பிறந்தவர்கள் அல்லது அங்கே கால்பந்து பயின்று வளர்ந்தவர்கள் மட்டுமே அந்த அணியில் ஆடலாம் என்பது அவர்களின் வழக்கம். உலகமெங்கும் பணத்தைக் கொட்டி ஆட்டக்காரர்களை வாங்கும் காலத்தில், லெசாமா என்னும் தங்கள் பயிற்சி மையத்தையும் அண்டை ஊர்களையுமே நம்பி நிற்கிறார்கள். அப்படி நின்றும், ரியல் மாட்ரிட், பார்சிலோனா ஆகிய இரண்டையும்போல, ஸ்பெயினின் முதல் பிரிவிலிருந்து ஒருமுறைகூடக் கீழே இறங்கியதில்லை. 2018இல் அவர்களின் கோல்கீப்பர் கெபாவை இங்கிலாந்தின் செல்சி கிளப் 8 கோடி யூரோ கொடுத்து அழைத்துக்கொண்டது. அந்த இடத்துக்கு லெசாமாவில் வளர்ந்த உனாய் சிமோன் வந்தார். இங்கே ஆட்டக்காரர்கள் பத்து, பதினைந்து ஆண்டுகள் தங்குகிறார்கள். ஒருவரின் ஓட்டத்தைப் படிக்க விரும்பும் எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு தயக்கம் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. மண்ணின் மைந்தருக்கு மட்டும் என்று சொல்லும் ஒரு கிளப்பை, அந்த மண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லாத நான் நேசிக்கலாமா? ஆள்களைப் பிறப்பால் பிரிக்கும் எதையும் நான் ஏற்பதில்லை. அந்த அணியில் ஆடும் வில்லியம்ஸ் சகோதரர்களை அறிந்த பிறகே என் மனம் தெளிந்தது. அவர்களின் பெற்றோர் கானாவிலிருந்து சஹாரா பாலைவனத்தைக் கடந்து வந்தவர்கள். மூத்தவர் இன்யாக்கி பில்பாவிலும் இளையவர் நிக்கோ பாம்ப்லோனாவிலும் பிறந்தார்கள். இருவருக்கும் அந்தச் சட்டை உரியதாயிற்று. 2016 ஏப்ரல் முதல் 2023 ஜனவரி வரை இன்யாக்கி ஒரு லீக் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் தொடர்ச்சியாக 251 ஆட்டங்கள் ஆடினார். ஒருவர் எங்கே பிறந்தார் அல்லது எங்கே வளர்ந்தார் என்பதைத்தான் அந்த வழக்கம் கேட்கிறது, எந்தக் குருதி என்று கேட்கவில்லை. எல்லோரும் இந்த விளக்கத்தை ஏற்கமாட்டார்கள், வாதிட இடமிருக்கிறது. எனக்கு இது போதுமானதாக இருந்தது.

இவ்வளவும் அறிவு. அன்பு வந்த நாள் 2019 ஆகஸ்ட் 16. பருவத்தின் முதல் ஆட்டம், அத்லெட்டிக்கின் சொந்த அரங்கான சான் மமேஸில் பார்சிலோனாவுக்கு எதிராக. இந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுவேன் என்று அறிவித்துவிட்ட 38 வயது முன்கள வீரர் அரிட்ஸ் அதுரிஸ், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். வலப்புறத்திலிருந்து கப்பா பந்தை உயர்த்தி அனுப்பினார். நான் கற்றுக்கொண்டபடி பந்தை விட்டுவிட்டு அதுரிஸைப் பார்த்தேன். அவர் கோலுக்கு முதுகைக் காட்டியபடி இரண்டு அடி பின்னால் நகர்ந்தார், உடல் மல்லாந்து காற்றில் எழுந்தது, கால் தலைக்கு மேலே வீசியது. அன்று அவர் பந்தைத் தொட்டது அதுவே முதல்முறை. 1–0. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

அந்தப் பருவத்தின் 38 லீக் ஆட்டங்களையும் பார்ப்பது என்று முடிவுசெய்தேன். அணி 11ஆவது இடத்தில் முடித்தது. கோலே இல்லாத, மழையில் இழுபறியாகப் போன ஆட்டங்களையும் விடாமல் பார்த்தேன். ஓர் அணியைத் தேர்ந்தெடுப்பது என்பது பெயரைச் சொல்லும் நாளில் நடப்பதில்லை. அத்தகைய ஆட்டங்களைக் கடைசிவரை பார்க்கும் வாரங்களில்தான் அது நடக்கிறது. ஆட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டிருந்த 2020 மே மாதத்தில், இடுப்புக் காயத்தால் இனி ஆட முடியாது என்று அதுரிஸ் அறிவித்தார். ஸ்பெயினின் கிளப்புகள் மோதும் கிங்ஸ் கோப்பையின் இறுதிக்கு அணி வந்திருந்தது. அதில் ஆடாமலே அவர் விடைபெற்றார்.

ரசிகர்களோடு நடத்த வேண்டும் என்று ஒத்திவைக்கப்பட்ட அந்த இறுதி ஆட்டம், கடைசியில் 2021 ஏப்ரல் 3 அன்று ஆளில்லாத அரங்கில்தான் நடந்தது. அண்டை ஊர்ப் போட்டியாளரான ரியல் சோசியதாத்திடம் ஒரு பெனால்டியில் தோற்றோம். இரண்டு வாரம் கழித்து, அடுத்த ஆண்டுக்கான கோப்பையின் இறுதியில், பார்சிலோனா பன்னிரண்டு நிமிடங்களுக்குள் நான்கு கோல் அடித்தது. தோற்றோம் என்று நான் எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். நான் பந்தை உதைத்ததில்லை, அந்த ஊரைக் கண்டதில்லை. ஆயினும் அந்த இரண்டு வாரங்களுக்குப் பிறகு வேறு சொல் எனக்கு வாயில் வரவில்லை.

2024 ஏப்ரல் 6 அன்று அதே கோப்பையில் மயோர்க்காவுக்கு எதிரான இறுதி ஆட்டம் 1–1 என்று முடிந்து பெனால்டிகளுக்குப் போனது. கடைசிப் பெனால்டியை அலெக்ஸ் பெரெங்கேர் உள்ளே அடித்தபோது 40 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. 2021இன் இரண்டு தோல்விகளிலும் தலைவராக இருந்த இக்கேர் முனியாயின், இந்த அணியில் தன் கடைசிப் பருவத்தில் கோப்பையை உயர்த்தினார். சில நாள் கழித்து, 1984க்குப் பிறகு முதல்முறையாக, கபார்ரா எனப்படும் பழைய சரக்குப் படகில் அணி ஆற்றுவழியே ஊர்வலம் வந்தது. கரைகளிலும் பாலங்களிலும் லட்சக்கணக்கானோர் நின்றார்கள். முதல் ஊர்வலங்களைச் சிறுவராகக் கண்டிருக்கக்கூடிய நரைத்த தலைகளின் தோள்களில், இதை முதல்முறை காணும் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். படகைப் பார்த்ததைவிட அவர்களைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்.

2025 மே மாதம் ஆஸ்கார் டி மார்கோஸ் 16 பருவங்களுக்குப் பிறகு விடைபெற்றார். வலது ஓரத் தடுப்பாட்டக்காரர். அவர் பெயர் வெளியே அதிகம் பேசப்பட்டதில்லை. ஆனால் முன்னால் நிற்கும் இன்யாக்கி பந்தோடு உட்பக்கம் திரும்பும் வரை அவர் அசையாமல் நிற்பதும், திரும்பிய கணத்தில் வெளிப்புறக் கோட்டை ஒட்டிப் பாய்வதும் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அந்த ஓட்டங்களில் பலவற்றுக்குப் பந்து வந்ததே இல்லை. தனக்குப் பின்னால் ஒரு தடுப்பாட்டக்காரரை இழுத்துக்கொண்டு போய் பந்து கிடைக்காமலே திரும்பி வருவார், அடுத்த முறையும் ஓடுவார். அவருடைய கடைசி ஆட்டத்தில் சான் மமேஸில் பார்சிலோனாவிடம் 0–3 என்று தோற்றோம். இப்போது அந்த ஓரத்தில் அரேசோ ஆடுகிறார். அவர் எந்தக் கணத்தில் கிளம்புவார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை, வாரந்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.